அதிகம் ஓடிய பழைய காரை ஃபைனான்ஸில் வாங்கலாமா?



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஊர்ச் சகோதரர் ஒருவர் கைபேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளை நிறக் கார். 2014 மாடல், டீசல். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர் என்று இருந்தது. விலை 4 லட்சத்து 20 ஆயிரம்.

"கையில 1 லட்சத்து 20 ஆயிரம் இருக்கு காக்கா. மீதி 3 லட்சத்துக்கு புரோக்கரே ஃபைனான்ஸ் போட்டுத் தர்றேங்கிறார். 9 பர்சன்ட்தானாம். மூணு வருஷம், மாசம் பத்தாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம். எடுக்கலாமா?"

அவர் சவூதியில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்து, பஜாரில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். ஆடம்பரத்துக்குக் கார் கேட்கும் ஆள் இல்லை. உம்மாவுக்கு இதய நோய். மாதம் இருமுறை தஞ்சாவூருக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேருந்தில் ஏற்ற முடியாத நிலை. முந்தைய வாரம் விடிகாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன வாடகை வண்டி ஆறரைக்குத்தான் வந்ததாம். வாசலில் நாற்காலி போட்டு உம்மா உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

இதே கேள்வி நம் சமுதாயத்தில் பல வீடுகளில் இருக்கிறது. புதுக் கார் எட்டாத விலையில் இருக்கிறது. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி கைக்கு எட்டும் போலத் தெரிகிறது. இடையில் இரண்டு மூன்று லட்சம் குறைகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபைனான்ஸ்காரர் வந்து நிற்கிறார். அன்று அவரிடம் படியில் நின்று சொல்ல முடியாததையும், பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 9 சதவீதம்

"9 பர்சன்ட்" என்று சொல்லப்பட்டது ஃப்ளாட் வட்டி. 3 லட்சத்துக்கு ஆண்டுக்கு 27,000. மூன்று ஆண்டுக்கு 81,000. மொத்தம் 3,81,000. அதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 10,583 ரூபாய். கணக்கு நேராகத்தான் இருக்கிறது, சூட்சுமம் வேறு இடத்தில்.

நாம் 3 லட்சத்தை மூன்று ஆண்டு முழுக்கக் கையில் வைத்திருப்பதில்லை. மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கடைசி மாதத்தில் நம்மிடம் மீதி நிற்கும் அசல் பத்தாயிரம் சொச்சம்தான். ஆனால் அந்த மாதமும் 3 லட்சத்துக்கான வட்டியே கணக்கில் இருக்கிறது. உண்மையில் மீதி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால், இந்த 9 சதவீதம் ஏறத்தாழ 16 சதவீதம் ஆகிவிடும். அதாவது சொன்னதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு.

2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் தனியார் நிதி நிறுவனமானாலும், தனிநபர்களுக்குத் தரும் கடனுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் ஒரு விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வாயால் சொல்லும் 9 அந்தத் தாளில் 9 ஆக இருக்காது.

இன்னொரு கணக்கு. 18 டியூ, அதாவது சரிபாதி கட்டிய பிறகு எவ்வளவு பாக்கி இருக்கும் என்று சகோதரரிடம் கேட்டேன். "ஒன்றரை லட்சம்" என்றார். இல்லை, ஏறத்தாழ 1 லட்சத்து 68 ஆயிரம் நிற்கும். ஏனென்றால் மொத்த வட்டியில் எழுபது சதவீதத்துக்கு மேல் முதல் பாதியிலேயே போய்விடுகிறது. அந்த நேரத்தில் வண்டிக்கு வயது இன்னும் ஒன்றரை ஆண்டு கூடியிருக்கும். இடையில் கியர்பாக்ஸோ டர்போவோ போனால் பட்டறையில் தனியாக ஒரு பில் வரும். வண்டி ஓடாமல் நின்றாலும் டியூ நிற்காது. இரண்டு மூன்று டியூ தவறினால் வண்டியை சீஸ் பண்ண ஆள் வருவார்கள். சீஸ் செய்த பழைய வண்டி ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அது போக மீதியையும் நம்மிடமே கேட்பார்கள்.

பழைய வண்டிக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்குவதையும் கவனியுங்கள். வண்டியின் வயது கூடக் கூட வட்டி விகிதம் ஏறும், தவணைக் காலம் சுருங்கும். "வங்கியில முடியாது, பிரைவேட்ல போட்டுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால், அந்த வண்டியின் மிச்ச ஆயுள் மேல் வங்கிக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"கொடுக்கத்தானே செய்கிறோம்"

கணக்கு இப்படி நஷ்டமாக இல்லாமல் லாபமாகவே வந்தாலும் நமக்கு விஷயம் முடிந்துவிடாது. இது வட்டி. அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியிருப்பதை 2:275 சொல்கிறது. வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாக 2:279 எச்சரிக்கிறது. வேறு எந்தப் பாவத்துக்கும் குர்ஆனில் இப்படி ஓர் அறிவிப்பை நாம் பார்ப்பதில்லை என்று உலமாக்கள் சொல்வார்கள்.

நம்மில் பலர், "நான் வட்டி வாங்கலையே, கொடுக்கத்தானே செய்றேன்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவித்து முஸ்லிமில் பதிவான ஹதீஸில், வட்டி உண்பவர், அதைக் கொடுப்பவர், எழுதுபவர், அதற்குச் சாட்சியாக நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, இவர்கள் சமம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஃபைனான்ஸ் பாரத்தில் கேரண்டி கையெழுத்துப் போடச் சொல்லி மச்சானை அழைத்துப் போகுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் தேவைக்கு இன்னொருவரையும் அதில் இழுக்கிறோம்.

"உம்மாவுக்காகத்தானே, இது நிர்ப்பந்தம் ஆகாதா?" என்று சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி, லேசாகத் தள்ளிவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்ற நிலைக்கான சட்டம் தனி. அதை உங்கள் நிலைமையை முழுதாகக் கேட்டறியும் ஆலிம் ஒருவர்தான் சொல்ல வேண்டும், கட்டுரை படித்து முடிவெடுக்கக் கூடாது. ஆனால் ஆலிமிடம் போகுமுன் "வேறு வழியே இல்லை" என்பது உண்மைதானா என்று நாமே பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் பார்த்தோம்.

தேவை வண்டியா, பயணமா?

மாதம் இரண்டு முறை தஞ்சாவூர். வாடகைக் கார் ஒரு முறைக்கு 2,500 ரூபாய் என்றால் 5,000. கல்யாணம், மௌத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை என்று மற்ற பயணங்களுக்கு 2,000 வைத்தோம். ஆக மாதம் 7,000.

கார் வாங்கினால் டியூ 10,583. டீசல் 2,500. இன்ஷூரன்ஸ் மாதக் கணக்கில் 900. இந்த அளவு ஓடிய வண்டிக்கு ரிப்பேர் வகையில் மாதம் 2,500 தனியாக எடுத்து வைக்காமல் தீராது. நான்கு டயர் மாற்றினாலே இருபதாயிரம் போய்விடும், கிளட்ச் அதற்கு மேல். கூட்டினால் 16,483 வருகிறது.

வித்தியாசம் ஏறத்தாழ 9,500 ரூபாய். ஃபைனான்ஸ் போட்டால் மாதம் 16,000 கட்ட முடியும் என்று அவர் நம்பினார் அல்லவா? அப்படியானால் வாடகை வண்டியிலேயே போய்க்கொண்டு, அந்த 9,500 ரூபாயை எடுத்து வைக்கவும் அவரால் முடிய வேண்டும். 18 மாதத்தில் 1,71,000. கையில் இருக்கும் 1,20,000 சேர்ந்தால் 2,91,000. அந்தப் பணத்துக்கு டியூ இல்லாமல் ஒரு சின்ன பெட்ரோல் காரை ரொக்கமாக வாங்கலாம். (சேர்க்கும் பணம் நிஸாபைத் தொட்டு ஓராண்டு நின்றால் அதற்கு ஜகாத் உண்டு, கார் வாங்கத்தான் வைத்திருக்கிறோம் என்றாலும். வாங்கிய பிறகு சொந்த உபயோகக் காருக்கு ஜகாத் இல்லை.)

எல்லா வீட்டுக்கும் இந்தக் கணக்கு இப்படியே வராது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் வீட்டில் வாடகை வண்டிச் செலவு மாதம் முப்பதாயிரத்தைத் தொடும். அங்கே சொந்த வண்டி என்பது உண்மையான தேவை, சீக்கிரமே வாங்க வேண்டியதும் கூட. அவர்களுக்கான வழியைப் பின்னால் பார்ப்போம். ஆனால் மாதம் இரண்டு பயணத்துக்கு டீசல் கார் என்பது பொருந்தாத தேர்வு. தினமும் நீண்ட தூரம் ஓடுபவருக்குத்தான் டீசலின் மிச்சம் தெரியும். குறைவாக ஓடும் வீட்டுக்கு, ரிப்பேர் செலவு குறைந்த பெட்ரோல் வண்டியே போதும்.

சகோதரரின் பிரச்சினை உண்மையில் வண்டி இல்லாதது அல்ல, வண்டி நேரத்துக்கு வராதது. இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகளுக்குப் பெண் கேட்டு வரும் நேரம், வாசலில் ஒரு கார் நின்றால் நன்றாக இருக்குமே என்று வீட்டில் பேச்சு இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் காரணமும் பல வீடுகளில் உள்ளதுதான். ஆனால் அதை உம்மாவின் பெயரில் எழுதக் கூடாது.

கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது

ரொக்கத்துக்கு வாங்கினாலும் தவணைக்கு வாங்கினாலும், அதிகம் ஓடிய வண்டி என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றி, ஒரே கையில் இருந்த வண்டி 1,40,000 கிலோமீட்டரிலும் நன்றாக இருக்கும். ஊருக்குள்ளேயே முக்கி முனகி, சர்வீஸ் பார்க்காமல் 60,000 ஓடிய வண்டி அதைவிட மோசமாக இருக்கலாம். ஆகவே முதல் கேள்வி வண்டியின் வரலாறு.

அதில் பெரிய ஏமாற்று, மீட்டரைத் திருப்பி வைப்பது. டிஜிட்டல் மீட்டரில் இதைச் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பை இணைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடுகிறார்கள். பால் மாட்டையோ ஆட்டையோ ஓரிரு நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உரிமையும் கொடுத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மீட்டரைத் திருப்புவது அந்த மடியைக் கட்டுவதற்குச் சமமானதுதான். விற்பவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவுக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று சொன்னது சந்தையில் நின்றுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் வழியாகவே பழைய சர்வீஸ் பதிவைக் கேட்கலாம். ஒவ்வொரு சர்வீஸிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. முதல் டயரே மாற்றவில்லை என்று சொல்லும் 2014 வண்டியில் 2019 டயர் இருந்தால், சொன்னது பொய். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகி, ஸ்டீயரிங்கின் தோல் தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்து, மீட்டர் மட்டும் 50,000 காட்டினால் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் டி போர்டு வாடகை வண்டியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதை ஆர்சி விவரங்களில் பார்த்துவிடுங்கள்.

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, மேலே ஹெச்.பி. (கடன் பதிவு) நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். கட்டாத அபராதச் சலான் இருக்கிறதா என்பதையும் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஹெச்.பி. நின்றால், பழைய ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனி ரகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோம். அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் வண்டல், சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பில் துரு, ஏசி போட்டதும் ஈர வாடை. இவை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிற்பாடு வயரிங்கில் வரும் கோளாறுக்கு முடிவே இருக்காது.

டெல்லி பதிவு எண்ணுடன் மலிவாக வரும் டீசல் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைநகர் பகுதியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் அவை தெற்கே அனுப்பப்படுகின்றன. அந்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்ந்தால் மலிவு பாதியாகிவிடும். எந்த ஊர் வண்டியானாலும் பதிவு செய்து 15 ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2022 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது, பசுமை வரி தனி.

வண்டியை விடிகாலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். "ஸ்டார்ட் பண்ணி வைங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றுத் தள்ளினால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். அது அறுந்தால் இன்ஜினே போய்விடும். விற்பவர் சொல்லும் மெக்கானிக்கை அல்ல, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். ஓசியில் பார்க்கச் சொன்னால் ஓசியில்தான் பார்ப்பார்.

சகோதரரின் வண்டிக்கும் இதைச் செய்தோம். சர்வீஸ் பதிவு கேட்டபோது விற்பவர் இரண்டு நாள் இழுத்தடித்தார். வந்தபோது 2021ஆம் ஆண்டிலேயே 1,71,000 என்று இருந்தது. மீட்டரில் 1,38,000. புரோக்கரிடம் காட்டினோம். "அதெல்லாம் எழுத்துப் பிழை பாய்" என்றார்.

வட்டியில்லாமல் தவணை உண்டா?

உண்டு. தவணை என்பதே ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் கடனுக்கு உணவு தானியம் வாங்கித் தம் கவசத்தை அடகு வைத்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தைப் பயணத்தில் நபியவர்கள் விலை பேசிய சம்பவமும் பலருக்குத் தெரியும். மதீனா போய்ச் சேரும்வரை நானே ஏறி வருவேன் என்று ஜாபிர் நிபந்தனை சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள். பணம் ஊர் சேர்ந்த பிறகு கொடுக்கப்பட்டது, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விலை என்ன, யார் எதுவரை உபயோகிப்பது என்பதெல்லாம் முன்பே பேசித் தெளிவாக்கப்பட்டிருந்தது.

விற்பவரே, "ரொக்கம் என்றால் 4 லட்சம், 20 மாதத் தவணை என்றால் 4 லட்சத்து 40 ஆயிரம்" என்று சொல்லி, நீங்கள் இரண்டில் ஒன்றை அந்த இடத்திலேயே முடிவு செய்தால், பெரும்பான்மை அறிஞர்கள் அதை வியாபாரம் என்றே சொல்கிறார்கள். பிறகு தாமதமானால் அந்தத் தொகை கூடக் கூடாது. கூடினால் அது வட்டி.

விற்பவர் தவணைக்கு ஒப்பவில்லை என்றால், வசதியுள்ள உறவினரோ வியாபாரியோ அந்தக் காரைத் தாம் வாங்கித் தம் கைக்குக் கொண்டுவந்து, பிறகு லாபம் வைத்து உங்களுக்குத் தவணையில் விற்கலாம். முராபஹா என்பது இதுதான். கையில் இல்லாததை விற்காதே என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னதால், அவர் உண்மையில் வாங்கி, இடையில் ஏதாவது ஆனால் நஷ்டமும் அவருடையது என்ற நிலை இருக்க வேண்டும். பணத்தை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு "லாபம்" என்று கூடுதல் வாங்கினால் பெயர்தான் மாறியிருக்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தவணை முடியட்டும் என்று ஆர்சியை உறவினர் பெயரிலேயே விட்டுவிடுவார்கள். விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உதவி செய்தவரை அந்தச் சங்கடத்தில் விடாதீர்கள். படிவம் 29, 30 கொடுத்து உடனே பெயரை மாற்றி, பாக்கித் தொகைக்குத் தனியாக எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதி வைப்பது பற்றித்தான் பேசுகிறது. "நமக்குள்ள என்ன எழுத்து" என்று தொடங்கிப் பேச்சுவார்த்தை நின்றுபோன எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்! இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் அவருடையது, வண்டியுடன் வராது.

வங்கி வழியாக இது கிடைக்குமா என்றால், இந்தியாவில் இப்போதைக்கு இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டது. சில ஊர்களில் வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் ஜமாஅத் பைத்துல்மாலும் சிறிய தொகை தருகின்றன. டயாலிசிஸ் போகும் வீடு போன்ற தேவைக்கு ஜமாஅத்தில் தயங்காமல் கேளுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் "ஹலால்" என்று பெயர்ப்பலகை வைத்தவர்களை எல்லாம் நம்பிவிடாதீர்கள். 2019இல் பெங்களூருவில் ஐஎம்ஏ கவிழ்ந்தபோது அழுதவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள்தான்.

நகைக் கடனும் வட்டிதான். நகையை அடகு வைத்து மாதாமாதம் வட்டி கட்டுவதைவிட, வேண்டிய அளவுக்கு விற்றுவிடுவது நல்லது. மனைவியின் மஹர் நகை மனைவியின் சொத்து என்பதால், அவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டும். அதையும் கடனாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது. உறவுக்குள் போடும் குலுக்கல் சீட்டில், எல்லோரும் ஒரே தொகை கட்டி ஒரே தொகை எடுப்பதால் பல ஆலிம்கள் அதை அனுமதிக்கிறார்கள். தள்ளுபடி கொடுத்து எடுக்கும் ஏலச்சீட்டு அப்படி அல்ல.

ஏற்கெனவே டியூ கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்து மனம் உடைய வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. உங்கள் கடனில் இன்றைய தேதிக்கு முன்கூட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். முன்முடிப்புக் கட்டணம் போக, மீதி மாதங்களின் வட்டியில் பெரும்பகுதி குறையும். தோது இருந்தால் முடித்துவிடுங்கள். வண்டியை விற்றால் கடன் தீரும் என்றால் அதையும் யோசியுங்கள். முடித்த கையோடு தடையில்லாச் சான்று வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் ஹெச்.பி. நீக்கிவிட வேண்டும். பலர் சான்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. வண்டியை விற்கும்போதுதான் ஞாபகம் வரும், மறுபடி அலைய வேண்டும்.

நம் சகோதரர் அந்த வெள்ளைக் காரை விட்டுவிட்டார். ஒரே வாரத்தில் அது வேறு யாருக்கோ போய்விட்டது, மீட்டரில் அதே 1,38,000 உடன். அவர் பஜார் ஸ்டாண்டில் சொந்த வண்டி வைத்திருக்கும் ஒரு டிரைவரிடம் பேசி, மாதம் இரண்டு தேதிகளை முன்பே குறித்துக் கொடுத்து, பாதி வாடகையை முன்பணமாகவும் கொடுத்துவிடுகிறார். முதல் நாள் இரவே போன் செய்து உறுதிசெய்துகொள்கிறார்கள். இதுவரை ஒருமுறை மட்டும் கால் மணி நேரம் தாமதமாம். மாதா மாதம் 9,500 எடுத்து வைப்பதாகத்தான் பேச்சு, சில மாதம் எட்டாயிரம்தான் முடிகிறது. மச்சான் ஒன்றரை லட்சம் கைமாற்றாகத் தரச் சம்மதித்திருக்கிறார், எழுத்தோடு. அடுத்த ரமழானுக்கு முன் ஒரு பெட்ரோல் வண்டியைப் பார்க்கலாம் என்று இருக்கிறார், இன்ஷா அல்லாஹ். மெக்கானிக்கிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.